அந்த விளக்கை அணைக்க மூன்று முறை அமுக்க வேண்டும்

போன சனிக்கிழமையோடு எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் இந்த வருடத்து சீசன் முடிந்தது. நாலு நாள் ஆகிவிட்டது, கழுத்தில் வயலின் அழுத்திய தடம்கூட மங்கிவிட்டது, ஆனால் வலது கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சின்ன ரப்பர் பொத்தானை அமுக்குகிற நினைப்பு இன்னும் போகவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நேராக அங்கே போனால் யாருக்கும் புரியாது, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன் என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி "யார் பாடுவாங்க?" என்பதுதான். யாரும் பாடமாட்டார்கள். நாங்கள் 60 சொச்சம் பேர், அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரில் இருக்கும் காகிதத்தைப் பார்த்து சிம்பொனி வாசிக்கிறவர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, சொல்லப்போனால் நாங்கள்தான் சந்தா கட்டுகிறோம். பல் டாக்டர் ஒருவர், கணக்கு டீச்சர்கள் இரண்டு பேர், லாரி ஓட்டுகிறவர் ஒருவர், பரீட்சை வந்தால் காணாமல் போய்விடும் மாணவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஃப்ளூட் வாசிக்க இடம் கேட்டு எப்போதும் ஆள் காத்திருக்கும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவுக்கு எப்போதும் ஆள் பற்றாது. செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒத்திகை, ஒன்பதரைக்கு முடியும், அதாவது ஒன்பதரைக்கு முடிய வேண்டும்.

இன்னொரு சொல் சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்னால் நின்று கையசைக்கிறவரைக் கண்டக்டர் என்று எழுதினால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர் ஞாபகம் வருகிறது, நடத்துநர் என்று எழுதினாலும் அதே ஆள்தான் வருகிறார், இசை இயக்குநர் என்றால் சினிமாக்காரர் ஆகிவிடுகிறார். கண்டக்டர் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் கண்டக்டரும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்துகிறவர்தான், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.

நான் இரண்டாவது வயலின். அதிலும் கடைசி டெஸ்க். வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே ஸ்டாண்டைப் பங்கு போட்டுக்கொள்வோம், அதில் சபைக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். உள்பக்கம் நான். மூன்று சீசனாக நான் சரியாகச் செய்துவரும் ஒரே வேலை பக்கம் திருப்புவதுதான் என்று என் டெஸ்க் துணை அம்மா சொல்வார். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ், எதையும் நாசூக்காகச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சரி, நிகழ்ச்சி நிரல். முதல் பாதி செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து'. இடைவேளைக்குப் பின் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 45ஆவது சிம்பொனி, 'விடைபெறல்'. சிம்பொனிக் கச்சேரிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பெரிய உருப்படியைத்தான் கடைசிக்கு வைப்பார்கள். நாற்பது நிமிடம் ஓடி, எல்லா வாத்தியமும் முழங்கி முடிகிற ட்வோர்ஷாக்கை முதலில் தள்ளிவிட்டு, காற்று வாத்தியங்களில் இரண்டு ஓபோ, ஒரு பசூன், இரண்டு ஹார்ன், மிச்சம் தந்தி வாத்தியங்கள் என்று இருக்கிற ஹைடனில் போய் முடிப்பதா என்று கமிட்டிக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஹைடனில் வேலையே இல்லாத டிராம்போன்காரர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். "அப்ப நாங்க இடைவேளையிலயே வீட்டுக்குப் போயிடலாமா?" என்று ஒருவர் கேட்க, கண்டக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் "அதுதானே இந்த சிம்பொனியோட கதை" என்றார்.

கதை தெரியாதவர்களுக்கு: 1772. ஹைடன் எஸ்டர்ஹாசி பிரபு நிக்கோலஸிடம் வேலை பார்க்கிறார். கோடை வந்தால் பிரபு பரிவாரத்தோடு எஸ்டர்ஹாசா அரண்மனைக்குக் கிளம்பிவிடுவார், வாத்தியக்காரர்களும் கூடவே போகவேண்டும். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் ஐசன்ஸ்டாட்டில் கிடக்கிறார்கள். அந்த வருடம் பிரபு கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. நேரில் போய் லீவு கேட்க யாருக்குத் துணிச்சல்? ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதி வேகமாகப் பறந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும், அதன் பின் எதிர்பாராமல் மெதுவான ஒரு பகுதி ஆரம்பிக்கும், அதில் ஒவ்வொருவராக வாசித்து முடித்து, ஸ்டாண்டில் இருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். கடைசியில் இரண்டே இரண்டு வயலின், மியூட் போட்டு, கிசுகிசு என்று. அந்த இரண்டில் ஒன்றை ஹைடனே வாசித்தாராம், இன்னொன்றை வாசித்தவர் முதல் வயலின் தொமாசினி. பிரபுவுக்குச் சேதி புரிந்தது, மறுநாள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஹைடன் வயதான காலத்தில் தன் வரலாற்றை எழுத வந்தவர்களிடம் சொன்ன கதை இது. ஊதிய உயர்வுக்கு மனு எழுதுகிறவர்கள் கவனிக்கலாம், இதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

ட்வோர்ஷாக் ஏன் என்றால், அங்கேயும் ஊர் ஞாபகம்தான் என்று கண்டக்டர் ஒரு கணக்கு வைத்திருந்தார். 1892இல் நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்கப் போனவர் ட்வோர்ஷாக். அடுத்த வருடம் இந்த சிம்பொனியை எழுதி முடித்து, கோடையைக் கழிக்க அயோவாவில் செக் குடியேறிகள் வாழும் ஸ்பில்வில் என்ற சின்ன ஊருக்குப் போனார், தன் பாஷை காதில் விழுகிற இடத்துக்கு. டிசம்பர் 16, 1893 அன்று கார்னகி ஹாலில் அரங்கேற்றம். அதில் இரண்டாவது பகுதியில், லார்கோவில், ஓபோ குடும்பத்து இங்கிலிஷ் ஹார்ன் வாசிக்கும் அந்த மெட்டு இருக்கிறதே, அதற்கு 1922இல் அவருடைய மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் வார்த்தை போட்டார், வீட்டுக்குப் போகிறேன் என்கிற பொருளில். அது பரவிய வேகத்தில், ஏதோ பழைய நாட்டுப்பாடலை ட்வோர்ஷாக் எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு.

ஆக முதல் பாதியில் வீட்டுக்குப் போக ஏங்குவது, இரண்டாம் பாதியில் கிளம்பியே போவது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. விளக்கு வரும் வரைக்கும்.

மேடையில் நெருப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் மெழுகுவர்த்திக்குப் பதில் ஸ்டாண்டில் கிளிப் மாட்டுகிற சின்ன பேட்டரி விளக்கு. எங்கள் பொருளாளர் மொத்தமாக வாங்கி வந்தார், பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு பொத்தான். ஒரு முறை அமுக்கினால் மங்கலாக எரியும். இரண்டாவது முறை பளீரென்று. மூன்றாவது முறை மினுக் மினுக் என்று அணைந்து அணைந்து எரியும், எதற்கென்று அதைச் செய்தவருக்கே வெளிச்சம். நான்காவது முறைதான் அணையும். மங்கலாக எரிகிற விளக்கை அணைக்க ஆக மொத்தம் மூன்று அமுக்கு, நடுவில் பளீர், மினுக் இரண்டையும் கடந்து வரவேண்டும். விளக்கோடு செய்த முதல் ஒத்திகையில் முதல் ஓபோ தன் கடைசிச் சுரத்தை உருக உருக வாசித்து இறக்கிவிட்டு, கை நீட்டிப் பொத்தானை அமுக்கினார், இரண்டு முறை அமுக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆம்புலன்ஸ் வந்து நின்றதுபோல அவருடைய ஸ்டாண்ட் மினுக்கிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் யாராலும் வில்லைப் பிடிக்க முடியவில்லை. என் டெஸ்க் துணை அம்மா சிரிக்காமல், "பேட்டரியைக் கழட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். முடிவில் கண்டக்டர் ஒரு வழி சொன்னார்: உள்ளங்கையால் விளக்கை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மூன்று முறை, நிதானமாக. அந்தப் பயிற்சிக்கென்று அடுத்த வாரம் கால் மணி நேரம் போனது. 250 வருடத்துக்கு முன் ஓர் ஊதலில் முடிந்த வேலை.

இப்போது டபுள் பேஸ் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களிடம் மூன்று டபுள் பேஸ். அதில் மூத்தவர் எழுபதைத் தாண்டியவர், 26 வருடமாக வாசிக்கிறார், ஆர்கெஸ்ட்ராவில் அவரைவிடப் பழைய ஆள் இல்லை. ஆளைவிட உயரமான வாத்தியம், அதை உறையில் போட்டுத் தோளில் சாய்த்து, காரின் முன் சீட்டை மடக்கிப் படுக்கவைத்து ஓட்டி வருவார். போன வருடம் தோள்பட்டையில் ஏதோ கோளாறு. இந்த சீசனோடு போதும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு: "நீங்கல்லாம் வீடு, நாங்க அஸ்திவாரம். எந்த அஸ்திவாரத்தையாவது யாராவது வந்து பாத்துட்டு அழகா இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

ஹைடனின் 'விடைபெறல்' சிம்பொனியில் டபுள் பேஸுக்குத் தனி வாசிப்பு உண்டு. அந்தக் கடைசி மெதுவான பகுதியில், காற்று வாத்தியங்களெல்லாம் போனபிறகு, கிளம்புவதற்கு முன்னால் டபுள் பேஸ் மட்டும் மேலும் கீழுமாக ஓடி ஓடி ஒரு நீண்ட பேச்சு பேசிவிட்டுத்தான் போகும். கமிட்டியில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை, எனக்கோ தெரியவே தெரியாது. பார்ட்டுகளை, அதாவது அவரவர் வாத்தியத்துக்கான இசைத் தாள்களை, விநியோகித்த அன்று ஐயா தன் பார்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் அந்தப் பக்கமே திரும்பாமல் மும்முரமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை இரண்டு பேரும். கூட்டத்தில் அத்தனை சண்டை போட்டு ஹைடனைக் கடைசியில் வைத்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒத்திகைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. மொத்தம் 11 வாரம். எங்கள் கையில் வந்த ட்வோர்ஷாக் பார்ட்டுகள் பழசு, எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் வாசித்தது, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். திரும்பத் திரும்ப வருவது ஒரு மூக்குக்கண்ணாடிப் படம்தான், 'இங்கே தலையைத் தூக்கிக் கண்டக்டரைப் பார்' என்று அர்த்தம். மூன்றாவது பகுதியில், ஸ்கெர்ட்ஸோவில், ஓர் இடத்தில் ஒன்றுக்கு மூன்று கண்ணாடி வரைந்து, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார் முகம் தெரியாத அந்த அண்ணனோ அக்காவோ. அவரும் அங்கேதான் தொலைந்திருக்கிறார். நானும் அங்கேதான் தொலைந்தேன், 11 வாரமும், தவறாமல்.

கச்சேரி அன்றைக்குக் காலையில் மேடையில் கடைசி ஒத்திகை, மாலை ஏழுக்குக் கச்சேரி. கறுப்பு உடுப்பில் எல்லோரையும் பார்க்கும்போது ஒரு மாதிரி மரியாதை வந்துவிடுகிறது, செவ்வாய்க்கிழமை கசங்கின சட்டையில் கொட்டாவி விட்டவர்களா இவர்கள் என்று. ஓபோ 'ஏ' என்கிற சுரத்தைக் கொடுத்தது, நொடிக்கு 440 அதிர்வு, முதலில் காற்று வாத்தியங்கள், அப்புறம் நாங்கள். சுருதி சேர்க்கிற அந்த அரை நிமிடம் எனக்குப் பிடித்த மாதிரி கச்சேரியில் வேறெதுவும் பிடிப்பதில்லை என்று சொன்னால் கொஞ்சம் கேவலம்தான், ஆனால் உண்மை. அந்த அரை நிமிடத்தில் யாரும் இன்னும் தப்பு செய்திருக்கமாட்டார்கள்.

முதல் பகுதி தடதடவென்று முடிந்ததும் சபையில் பாதிப் பேர் கைதட்டிவிட்டார்கள். பகுதிகளுக்கு நடுவில் தட்டக்கூடாது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை, அவ்வளவு சத்தமாக ஒருத்தர் வாசித்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினால் கைதட்டாமல் என்ன செய்வது? ட்வோர்ஷாக் காலத்தில் தட்டியிருக்கிறார்கள்.

லார்கோ. பித்தளை வாத்தியங்கள் அந்த ஆரம்பக் கோவையை, பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற அதை, வாசிக்கும்போது ட்யூபாக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முழு சிம்பொனியிலும் ட்யூபாவுக்கு இந்தப் பகுதியில் மட்டும்தான் வேலை, 14 சுரம், அவ்வளவே. அதற்காக 11 வாரம் வந்தார் மனிதர். அவருக்குப் பக்கத்தில் சிம்பல்காரிக்கு இன்னும் மோசம், நான்காவது பகுதியில் ஒரே ஓர் அடி, அதுவும் ஓங்கி அடிக்கிற அடி இல்லை. நான் ஒரு சுரம் விட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அவள் அந்த ஒன்றை விட்டால் அன்றைய கணக்கில் நூற்றுக்கு நூறு தப்பு.

தந்திகள் எல்லோரும் மியூட் போட்டுக்கொள்ள வேண்டும். மியூட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, தந்திகளைத் தாங்குகிற வயலின் குதிரையின் தலையில் செருகுகிற ஒரு துண்டு ரப்பர், சத்தத்தைப் போர்வைக்குள் போட்டதுபோல ஆக்கிவிடும். ஐந்து ஃப்ளாட் போட்ட சுருதி, எங்களுக்கு நீள நீளமான சுரங்கள், மேலே இங்கிலிஷ் ஹார்ன். அதை வாசிக்கிற பெண் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள், பாதி ஒத்திகைகளுக்குக் கண் எரிய எரிய வந்தவள். அன்றைக்கு அவள் வாசித்ததைப் பற்றி எழுதப்போனால் மிகையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பகுதியின் முடிவுக்குப் பக்கத்தில் ஓர் இடம், அதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த மெட்டு மறுபடி வருகிறது, இந்தத் தடவை தந்திகளில் ஒரு சிலர் மட்டும், முன் டெஸ்க் ஆட்கள் மட்டும் வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டே இருந்து, வாக்கியத்தின் நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டதுபோல நின்றுவிடும். மௌனம். மறுபடி இரண்டு வார்த்தை. மறுபடி மௌனம். கடைசி டெஸ்க்கில் இருக்கிற எங்களுக்கு அங்கே வாசிக்க ஒன்றும் கிடையாது, வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்திருந்தேன். மௌனம் வந்தது. சபையில் ஓர் இருமல்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து என் குதிரையிலிருந்து மியூட் நழுவி, மடியில் விழுந்து, மடியிலிருந்து மேடைப் பலகையில் விழுந்து, இரண்டு முறை எம்பிக் குதித்தது. ரப்பர்தான், ஆனால் அந்த அமைதியில் தேங்காய் விழுந்த மாதிரி கேட்டது எனக்கு. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தன் செருப்பை மெல்ல நீட்டி, அது மறுபடி உருளாமல் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

லார்கோ டபுள் பேஸ்களோடுதான் முடிகிறது, அவர்கள் மட்டும் ஆளுக்கொரு குரலாகப் பிரிந்து அடித்தொண்டையில் முனகுகிற ஒரு கோவை. இத்தனை நாள் அந்த இடத்தில் நான் அடுத்த பகுதிக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பேன். அன்றைக்குத் திருப்பாமல் கேட்டேன்.

ஸ்கெர்ட்ஸோவில் மூன்று கண்ணாடி இடத்தில் வழக்கம்போலத் தொலைந்தேன். தொலைந்தால் என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி. வில்லைத் தந்தியில் படாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு, பக்கத்தில் இருப்பவர் போடுகிற அதே திசையில் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், முகத்தில் கவலை காட்டக்கூடாது, தெரிந்த இடம் வந்ததும் ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதுபோலத் தொற்றிக்கொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் எந்த நிமிடத்திலும் காற்றில் வில் போடுகிறவர் ஒருவராவது இருப்பார். சிம்பல்காரி தன் ஓர் அடியைச் சரியாக அடித்தாள். நான்காவது பகுதி ஆர்ப்பாட்டமாக ஓடி, எல்லோரும் வெடிச்சத்தம்போல ஒரு வெட்டு வெட்டுகிறோம், அதன் பிறகும் காற்று வாத்தியங்கள் மட்டும் ஒரு கோவையைப் பிடித்து நிறுத்தி, தேயவிட்டு, தேயவிட்டு, இல்லாமல் ஆக்குகின்றன. எவ்வளவு பெரிய சிம்பொனி, முடிவதோ ஒரு பெருமூச்சில்.

இடைவேளையில் டிராம்போன்காரர்கள் பெட்டியை மூடினார்கள். கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், பார்த்தால் மூன்று பேரும் ட்யூபாவும் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹைடனுக்கு மேடையில் முப்பது பேர்தான். எஃப் ஷார்ப் மைனர், அந்தக் காலத்து சிம்பொனிகளில் யாரும் தொடாத சுருதி, விரல்களுக்குப் பரிச்சயமில்லாத இடங்களாகத் தேடித் தேடி வைக்கவேண்டும். முதல் மூன்று பகுதிகளும் சுமாராகப் போயின. நான்காவது பகுதியின் வேகமான பாகம் பாய்ந்து போய் நின்றது. மேடை விளக்கை முழுக்க இறக்கினார்கள். ஸ்டாண்ட் விளக்குகள் மட்டும், மங்கலாக, முப்பது ஆளுக்குப் பதினெட்டோ இருபதோ. மெதுவான பகுதி ஆரம்பித்தது.

முதல் ஓபோவும் இரண்டாவது ஹார்னும் முதலில். உள்ளங்கைக்குள் சிவப்பாக ஒரு பளீர், ஒரு மினுக், இருட்டு. விரலிடுக்கில் கசிந்த அந்த வெளிச்சம் பார்க்க உண்மையில் நன்றாகவே இருந்தது, நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்காதது. சபையில் ஒரு சின்ன சிரிப்பு, என்ன நடக்கிறதென்று புரிந்தவர்களுடையது. பசூன் ஒன்றும் பேசாமல் போனார். இரண்டாவது ஓபோ, முதல் ஹார்ன். சிரிப்பு நின்றிருந்தது.

டபுள் பேஸ். கூட இருந்த இரண்டு பேரும் வில்லை இறக்கிக்கொள்ள, ஐயா மட்டும். ஒத்திகைகளில் அவர் அதைக் கொஞ்சம் விளையாட்டாக, புருவத்தைத் தூக்கிக்கொண்டு, கரடி நடனமாடுகிற மாதிரி வாசிப்பார், நாங்களும் சிரிப்போம். அன்றைக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. கணக்குப் பார்த்து சாமான்களை எடுத்து வைக்கிறவரைப்போல ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் வைத்தார். ஒரு சுரம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அதையும் அப்படியே வைத்துவிட்டுப் போனார். முடித்ததும் அவசரப்படாமல் விளக்கை மூடினார், மூன்று அமுக்கு, வாத்தியத்தை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு, தரையில் குத்தும் அந்த ஆணி பலகையில் உரசாமல் பார்த்து நடந்து போனார். அந்த மேடையில் அவர் தூக்கிக்கொண்டு போன உருவம் அவரைவிடப் பெரிது.

செல்லோக்கள் போனார்கள். அப்புறம் எங்கள் முறை. கடைசிச் சுரத்தை இறக்கினேன், வில்லையும் வயலினையும் இடது கைக்கு மாற்றினேன், வலது உள்ளங்கையால் விளக்கை மூடி ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்தது. எழுந்து, நாற்காலி கிறீச்சிடாமல் தாண்டி, திரைப்பக்கம் போனேன். என் பின்னால் அம்மா. அவர் நான் அமுக்கியதைப் பார்க்கவில்லை, இருட்டாக இருந்ததால் இவன் வழக்கம்போல ஏதோ சொதப்பிவிட்டான், எதற்கும் இருக்கட்டும் என்று போகிற போக்கில் ஒரு அமுக்கு அமுக்கியிருக்கிறார்.

திரைக்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வயோலாக்களும் போய்விட்டார்கள், கண்டக்டர் கையைத் தொங்கவிட்டு மெல்ல நடந்து வந்துவிட்டார், மேடை முன்னால் முதல் வயலின் தலைவியும் எங்கள் பிரிவுத் தலைவரும் இரண்டே பேர், ஒரே விளக்கில். வெகு தூரத்தில், பின்னால், ஆளில்லாத இரண்டு நாற்காலிக்கு நடுவில் எங்கள் ஸ்டாண்ட் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. போய் அணைக்கவும் முடியாது. அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். (கச்சேரி முடிந்தபின் சபையிலிருந்து ஒருவர் வந்து, அந்த ஒற்றை விளக்கை விட்டு வைத்த யோசனை பிரமாதம், யாருடையது என்று கேட்டார். "இவரோடதுதான்" என்றார் அம்மா.)

திரைப்பக்கம் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். 11 வாரத்தில் அந்த இரண்டு வயலின் முடிவை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒத்திகையில் எங்கள் பங்கு முடிந்ததும் பெட்டி கட்டுவது, சாவி தேடுவது, அடுத்த வாரம் வருவீங்களா என்பது என்று வெளியே போய்விடுவோம், பாவம் அவர்கள் இரண்டு பேரும் எங்கள் சத்தத்துக்கு நடுவில் வாசித்து முடிப்பார்கள். இப்போது அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. யாரும் மூச்சு விடவில்லை. மியூட் போட்ட இரண்டு வயலினும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் விலகிக்கொண்டும் மேலே மேலே சன்னமாகிக்கொண்டே போயின.

எனக்கு இரண்டடி தள்ளி டபுள் பேஸ் ஐயா. வாத்தியத்தை ஏற்கெனவே உறைக்குள் இறக்கியிருந்தார், வில்லும் உள்ளே போயிருந்தது. அந்த உறையின் ஜிப் கழுத்திலிருந்து அடி வரைக்கும் நீளும், இழுத்தால் அறை முழுக்கக் கேட்கும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒத்திகை முடிந்ததற்கு மணியே அந்தச் சத்தம்தான். பாதி மூடிய ஜிப்பில் விரலை வைத்தபடி இழுக்காமல் நின்றுகொண்டிருந்தார். மேடையில் சுரம் நின்றது. நின்றதா, இன்னும் இருக்கிறதா என்று சந்தேகமாகவே கொஞ்ச நேரம் போனது. கடைசி வரிசையில் டிராம்போன்காரர்களில் யாரோ ஒருவர் முதல் தட்டுத் தட்டினார், அப்புறம் சபை முழுக்க, ஐயா அந்தச் சத்தத்துக்குள் ஜிப்பை ஒரே இழுப்பாகக் கீழே வரைக்கும் இழுத்தார்.